துண்டைத்தான் எண்ணுகிறோம், ஆளை அல்ல

சித்தூர் பேருந்து நிலையத்துக்குள் திருப்பதி வண்டி வளைந்து வரும்போதே சனம் கூடவே ஓடும். வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு, கைக்குட்டை, பை, சில நேரம் குழந்தையின் செருப்புகூட உள்ளே விழும். துண்டு விழுந்த இருக்கை பிடித்த இருக்கை. தெலுங்கு பேசுகிறவரும் தமிழ் பேசுகிறவரும் ஒப்பந்தம் எதுவும் எழுதாமலே ஏற்றுக்கொண்ட சட்டம் இது. கூட்டம் மிஞ்சும் நாளில் மட்டும் சட்டம் தோற்றுவிடும். யாரோ ஒருவர் துண்டை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதற்குப் பிறகு நடப்பதை எழுத வேண்டியதில்லை.

உயிரோடிருக்கும் மனிதரின் மூளைக்குள் ஒரு நரம்பியக் கடத்தி எவ்வளவு வெளிப்படுகிறது என்று அறிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்த வழி, ஏறக்குறைய இந்தத் துண்டு விவகாரம்தான். விளையாடும்போது டோபமைன் சுரக்கிறது, பாட்டுக் கேட்கும்போது சுரக்கிறது, தியானத்தில் சுரக்கிறது என்று பத்திரிகைகளில் படிக்கிறோமே, அவற்றின் அடியில் கிடக்கிற அளவீடு பெரும்பாலும் இதுவே. அதை முழுதாக விளங்கிக்கொண்டால் அந்தச் செய்திகளில் எதை நம்பலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். 2022 ஏப்ரல் 4 வரை இரண்டும் ஒரே மாவட்டம். அன்றுதான் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. சித்தூர் பக்கத்தில் நடுக்குவாதம் என்கிற பார்க்கின்சன் நோய் கண்டவர்களை, ஒன்று தெற்கே வேலூருக்கு அழைத்துப்போவார்கள், இல்லையென்றால் வடக்கே திருப்பதி ஸ்விம்ஸுக்கு. ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகம் என்பது அதன் முழுப்பெயர். அங்கே அணுக்கதிர் மருத்துவத் துறையும் பெட் ஸ்கேன் கருவியும் இருக்கின்றன. இந்த நோயைப் பற்றி மருத்துவர் சொல்லும் முதல் விளக்கம், மூளையில் டோபமைன் குறைந்துவிட்டது என்பது. கேட்கிற மகனுக்கோ மருமகளுக்கோ உடனே எழும் கேள்வியும் ஒன்றுதான்: சர்க்கரையை ரத்தத்தில் பார்க்கிற மாதிரி, இதையும் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாதா?

முடியாது. காரணம் எளிது. ரத்தத்தில் ஓடும் டோபமைனுக்கும் மூளையில் இருக்கும் டோபமைனுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. மூளையின் ரத்தக்குழாய்களை உள்ளே வரிந்திருக்கும் செல்கள் நெருக்கமாகக் கோத்துக்கொண்டு டோபமைனை இந்தப் பக்கமும் விடுவதில்லை, அந்தப் பக்கமும் விடுவதில்லை. ஆகவே ஊசி போட்டு எடுக்கும் ரத்தம் மூளையின் நிலவரத்தைச் சொல்லாது. சிறுநீரும் சொல்லாது. கடத்தி வெளிப்படுகிற இடமோ இரண்டு நரம்பு செல்களுக்கு இடைப்பட்ட சந்து. அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. வெளிப்படும் நேரம் நொடியின் ஆயிரத்தில் சில பங்கு. அதற்கு மேல் மண்டையோடு மூடியிருக்கிறது. இதில் எதை வைத்து எட்டிப் பார்ப்பது?

வழி வந்த கதையின் ஒரு முனை நம் பக்கத்தில் இருக்கிறது. சித்தூர் காடுகளின் வேலியோரங்களில் பூனைக்காலி படர்ந்து கிடக்கும். தெலுங்கில் தூலகொண்டி. காயின்மேல் உள்ள பொன்னிற மயிர் தோலில் பட்டால் அரிப்பு தாங்காது. ஆடு மேய்க்கிற பிள்ளைகள் அதைக் கண்டாலே ஒதுங்கி நடப்பார்கள். இந்தக் கொடியின் விதையிலிருந்து எல்-டோபா என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும். 1937இல் இங்கிலாந்தின் பயோகெமிக்கல் ஜர்னலில் அவர்களுடைய கட்டுரை வந்தது. அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பு, பாசல் நகரத்தில் மார்கஸ் குகன்ஹைம் என்பவர் ஐரோப்பியர் உண்ணும் ஒருவகை அவரையிலிருந்து இதையே எடுத்திருந்தார். எடுத்தவர் இரண்டரை கிராம் விழுங்கியும் பார்த்தார். வாந்தி வந்தது. அதோடு, மருந்தாக இது உதவாது என்று ஒதுக்கிவைத்தார்கள். மூளைக்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. சென்னைக்காரர்கள் தேடியதும் மூளை மருந்தை அல்ல. விதையில் என்ன இருக்கிறது என்பதைத்தான்.

தொடர்பு தெரிந்தது 1957இல். அதற்கும் ஓர் இந்தியச் செடி தேவைப்பட்டது. சர்ப்பகந்தி வேரைப் பைத்தியத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரலாம் என்று கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931இல் எழுதினார்கள். மும்பையின் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் ரத்த அழுத்த நோயாளிகளுக்குக் கொடுத்துக் கிடைத்த பலனைப் பிரிட்டிஷ் இதய இதழில் வெளியிட்டார். 1952இல் பாசலின் சீபா நிறுவனத்தார் வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தார்கள். ரெசர்பினை முயலுக்குக் கொடுத்தால் காது தொங்கி, அசையாமல் கல் மாதிரிக் கிடக்கும். சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் அந்த முயலுக்கு எல்-டோபாவை ஏற்றினார். முயல் எழுந்து நடமாடியது. ரெசர்பின் காலி செய்த ஏதோ ஒன்றை டோபா நிரப்புகிறது, அந்த ஏதோ ஒன்று டோபமைன் என்பது அங்கிருந்து தெளிந்தது. 2000ஆம் ஆண்டு கார்ல்சனுக்கு நோபல் பரிசு. சர்ப்பகந்தி காலி செய்ய, பூனைக்காலியில் உள்ள பொருள் நிரப்ப, நடுவே ஒரு முயல் எழுந்து நின்றது என்று சுருக்கமாகச் சொல்லிக்கொள்ளலாம். கார்ல்சனின் குப்பியில் இருந்த டோபா பூனைக்காலியிலிருந்துதான் வந்தது என்று நான் சொல்லவில்லை. மூலக்கூறு ஒன்றே.

முயலை அறுத்துப் பார்க்கலாம். மனிதரை அறுக்காமல் பார்க்க வேண்டும். அதற்குப் பாசிட்ரான் வந்தது. சில அணுக்கள் சிதையும்போது பாசிட்ரானை உமிழும். அது அக்கம்பக்கத்தில் ஓர் எலக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து, நேரெதிர்த் திசைகளில் இரண்டு காமாக் கதிர்கள் கிளம்பும். தலையைச் சுற்றி வளையமாக உணர்கருவிகளை வைத்து, ஒரே கணத்தில் எதிரெதிரே வந்து விழும் சோடிகளை மட்டும் கணக்கில் எடுத்தால், அவை கிளம்பிய இடத்தைக் கணிக்கலாம். பெட் ஸ்கேன் என்பது இவ்வளவே. மருத்துவமனைகளில் இதைப் பெரும்பாலும் புற்றுநோய்க்காகப் பார்க்கிறார்கள். அங்கே உடலுக்குள் அனுப்புவது கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை. மூளை ஆய்வில் சர்க்கரைக்குப் பதில், குறிப்பிட்ட ஓர் ஏற்பியில், அதாவது கடத்தி வந்து அமரும் இடத்தில், போய் ஒட்டுகிற பொருளை அனுப்புகிறார்கள்.

1983இல் இரண்டு காரியங்கள் நடந்தன. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கார்னெட்டும் கூட்டாளிகளும் டோபாவின் மேலே ஒரு ஃப்ளோரின்-18 அணுவை ஏற்றி மனித மூளைக்குள் அனுப்பிப் படம் எடுத்தார்கள். அதாவது, சென்னையில் பூனைக்காலி விதையிலிருந்து எடுத்த அதே மூலக்கூறு, கையில் ஒரு விளக்கோடு. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹென்றி வாக்னர், தன் மூளையையே கருவிக்குள் வைத்து டோபமைன் ஏற்பிகளைப் படமெடுக்கச் செய்தார். இரண்டும் பெரிய சாதனைகள். ஆனால் ஒன்று சேமிப்புக் கிடங்கைக் காட்டியது, மற்றது இருக்கைகளைக் காட்டியது. கடத்தி வெளியே வருவதை இரண்டும் காட்டவில்லை.

இப்போது பேருந்துக்குத் திரும்புவோம். இருக்கைகள் என்பவை டி2 எனப்படும் டோபமைன் ஏற்பிகள். பயணிகள் டோபமைன். நாம் தூரத்தில் ஒரு குன்றின்மேல் நின்று இருட்டில் பார்க்கிறோம். பயணிகள் நம் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். ஒளிரும் துண்டுகளை நூறு வீசுகிறோம்; அவை மட்டும் தெரியும். ராக்லோபிரைடு என்பதுதான் அந்தத் துண்டு. சுவீடனின் ஆஸ்ட்ரா நிறுவனம் மனநோய் மருந்தாக உருவாக்கிய பொருள் அது. அதில் கார்பன்-11 ஏற்றி, கரோலின்ஸ்கா கழகத்தின் லார்ஸ் ஃபார்டெ குழு 1985இல் மனித மூளையில் பயன்படுத்தியது. ராக்லோபிரைடின் சிறப்பு, அது இருக்கையில் இறுகப் பிடிக்காது. ஆள் வந்தால் நகர்ந்துவிடும். வாக்னர் பயன்படுத்திய பொருளோ இறுக ஒட்டும், நகராது. வெளிப்பாட்டை அளக்க நகர்கிற துண்டுதான் வேண்டும்.

சாதாரண நிலையில் ஒருமுறை துண்டுகளை எண்ண வேண்டும். பிறகு கூட்டம் ஏறவைத்து இன்னொருமுறை எண்ண வேண்டும். எண்ணிக்கை குறைந்திருந்தால் அந்தக் குறைவே புதிதாக ஏறிய ஆட்களின் அடையாளம். கேட்பதற்கு இவ்வளவுதான். செய்யும்போது தொல்லைகள் வரும். வண்டிக்குள் இருக்கையில் விழாமல் நடைபாதையில் கிடக்கும் துண்டுகளைக் கழிக்க வேண்டும். அதற்காக டி2 இருக்கைகள் ஏறக்குறைய இல்லாத சிறுமூளையை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்கிறார்கள். லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையின் லாமெர்ட்ஸ்மாவும் ஹியூமும் 1996இல் வகுத்த ஒரு கணக்கு முறை இதற்கென்றே நிலைத்துவிட்டது. துண்டுகளும் மிகக் குறைவாக இருக்க வேண்டும். துண்டே இருக்கைகளை அடைத்துவிட்டால் அது மருந்தாகிவிடும், அளவுகோலாக இருக்காது.

கூட்டத்தை ஏறவைக்க முதலில் பயன்பட்டவை மருந்துகள். நோரா வோல்கோ குழு புரூக்ஹேவனில் மெதில்ஃபெனிடேட் கொடுத்துப் பார்த்தது. யேல் பல்கலைக்கழகத்தில் மார்க் லாருவெல், அனிசா அபி-தர்காம் குழு 1996இல் மனச்சிதைவு நோய் உள்ள 15 பேருக்கும் நோயில்லாத 15 பேருக்கும் ஆம்ஃபெட்டமைன் கொடுத்தது. இங்கே துண்டு ராக்லோபிரைடு அல்ல, அதே இருக்கையில் ஒட்டும் வேறொரு பொருள். நோயில்லாதவர்களில் துண்டுகள் 7.6 சதவீதம் குறைந்தன. நோயாளிகளில் 19.5. மனச்சிதைவில் டோபமைன் மிகையாக வெளிப்படுகிறது என்று முப்பது ஆண்டுகளாக ஊகமாக இருந்ததற்கு, உயிருள்ள மூளையிலிருந்து கிடைத்த வலுவான சான்று அது. 2000இல் அபி-தர்காம் அதையே திருப்பிப் போட்டார். டோபமைன் தயாரிப்பைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பயணிகளை இறக்கிவிட்டார். இப்போது எத்தனை துண்டுகள் கூடுதலாக விழுகின்றன? 18 நோயாளிகளில் 19 சதவீதம், 18 ஆரோக்கியமானவர்களில் 9. எந்தத் தூண்டுதலும் இல்லாத வேளையிலேயே நோயாளிகளின் வண்டி கூடுதலாக நிரம்பியிருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். ஏற்றிப் பார்த்தும், இறக்கிப் பார்த்தும் ஒரே பதில் வந்தால் அந்தப் பதிலை நம்பலாம்.

மருந்தில்லாமல், வெறும் செயலால் டோபமைன் வெளிப்படுவதைக் காட்டியது 1998இல் நேச்சர் இதழில் வந்த ஹாமர்ஸ்மித் ஆய்வு. எட்டு ஆண்கள் ஸ்கேனருக்குள் படுத்தபடி, பணப் பரிசுக்காக ஒரு டாங்கி விளையாட்டை ஆடினார்கள். ராக்லோபிரைடு குறைந்தது. நன்றாக ஆடியவருக்கு அதிகம் குறைந்தது. வீடியோ விளையாட்டும் போதைப்பொருளும் ஒன்று என்று பிற்காலத்தில் எழுதப்பட்ட எத்தனையோ தலையங்கங்களுக்கு வேர், இந்த எட்டுப் பேர். இரண்டும் ஒன்று என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. தவிர, ஆடும்போது தலை அசையும், ரத்த ஓட்டம் மாறும். துண்டு எண்ணிக்கை அதனாலும் கொஞ்சம் மாறியிருக்கலாம் என்று பின்வந்தவர்கள் எச்சரித்தார்கள்.

பிறகு வரிசையாக வந்தன. 2001இல் வான்கூவரில் பார்க்கின்சன் நோயாளிகள் ஆறு பேருக்கு மருந்தா இல்லையா என்று சொல்லாமல் வெறும் உப்புநீர் ஊசி போட்டபோதும், ஸ்ட்ரையேட்டம் என்கிற மூளைப் பகுதியில் ராக்லோபிரைடு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தது. எதிர்பார்ப்பே மூளையில் மருந்தைச் சுரக்கவைத்தது. 2002இல் கோபன்ஹேகனில் யோகநித்திரை பழகிய எட்டு ஆசிரியர்களைப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். யோகநித்திரையை இன்றைய வடிவில் பரப்பியது பீகாரின் முங்கேர் யோகப் பள்ளி. டென்மார்க்கில் அளந்தது நம் ஊர்ச் சரக்கு. 2011இல் மாண்ட்ரியலில் சலிம்பூரும் சாட்டோரும் எட்டுப் பேருக்கு, கேட்டால் மயிர்க்கூச்செறியும் இசையைப் போட்டுக் காட்டினார்கள். இசையை அவரவரே தேர்ந்து கொண்டுவரலாம், ஆனால் அதில் பாட்டு வரிகள் இருக்கக்கூடாது. விடியலில் சுப்ரபாதம் கேட்டுச் சிலிர்க்கிற நம்மவர் போயிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

பாஸ்டனில் ராஜேந்திர பட்கையனும் கூட்டாளிகளும் இரண்டு ஸ்கேன்களை ஒன்றாக்கினார்கள். ஒரே அமர்வின் நடுவில் வேலையைத் தொடங்கச் சொல்லி, துண்டுகள் எந்த வேகத்தில் நழுவுகின்றன என்பதிலிருந்து வெளிப்பாட்டைக் கணித்தார்கள். இரண்டு வேறு நாட்களின் ஒப்பீட்டில் வரும் சில பிழைகள் இதனால் தவிர்ந்தன. டோபமைனை விட்டு வேறு கடத்திகளுக்குப் போனால் வேலை இன்னும் கடினம். வலியின்போது வெளிப்படும் உடலின் சொந்த அபினிப் பொருட்களை மிச்சிகனில் அளந்திருக்கிறார்கள். செரோடோனினுக்கு நெடுங்காலம் நகர்கிற துண்டே கிடைக்கவில்லை. 2022இன் இறுதியில்தான் லண்டன் இம்பீரியல் கல்லூரியினர், மனச்சோர்வுள்ள 17 பேரில் செரோடோனின் வெளிப்பாடு குறைவென்று, ஆரோக்கியமான 20 பேரோடு ஒப்பிட்டு எழுதினார்கள். சுவாரசியமான முடிவு, ஆனால் பதினேழு பேர்.

இங்கே கொஞ்சம் நின்று எண்களைப் பார்க்க வேண்டும். துண்டு எவ்வளவு குறைந்தால் ஆள் எவ்வளவு கூடியதாகப் பொருள்? குரங்குகளில் இதை நேராகச் சோதித்திருக்கிறார்கள். ஒரே நேரத்தில் பெட் படமும், மூளைக்குள் மெல்லிய குழாய் செருகி எடுத்த டோபமைன் அளவும். 1997இல் பிரையர் குழு அப்படிச் செய்தபோது, ஆம்ஃபெட்டமைனின் ஓர் அளவில், ராக்லோபிரைடு ஒரு சதவீதம் குறைய டோபமைன் சுமார் 44 சதவீதம் உயர வேண்டியிருந்தது. கோபன்ஹேகன் யோகநித்திரை ஆய்வில் ராக்லோபிரைடு குறைந்தது 7.9 சதவீதம். டோபமைன் 65 சதவீதம் உயர்ந்ததாக அந்தக் கட்டுரை சொன்னது. உலகமெங்கும் யோக வகுப்பு விளம்பரங்களில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கும் எண் அது. குரங்கின் கணக்கைப் போட்டால் அதே 7.9 சதவீதம் முந்நூற்றைம்பது சதவீத உயர்வாகிவிடும். எது சரி? இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆம்ஃபெட்டமைன் குரங்கின் மூளையில் செய்வதும் தியானம் மனிதரின் மூளையில் செய்வதும் வேறு. துண்டு எண்ணிக்கையை ஆள் எண்ணிக்கையாக மாற்றுகிற விகிதத்தை நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்கிறோம். ஆகவே நம்பத்தக்க எண் 7.9தான். 65 என்பது அதன்மேல் போட்ட ஓர் அனுமானம். யோகநித்திரையைக் குறைத்துப் பேசவில்லை; விளம்பரம் எந்த எண்ணை எடுத்துக்கொண்டது என்பதைத்தான் சுட்டுகிறேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. டோபமைன் வந்து அமர்ந்ததும் சில ஏற்பிகள் செல்லுக்குள்ளே இழுத்துக்கொள்ளப்படும். ஆள் உட்கார்ந்த இருக்கையையே கழற்றி உள்ளே கொண்டுபோனது போல. ஆள் இறங்கிய பிறகும் வெகுநேரம் துண்டு போட இடமிருக்காது. ஆம்ஃபெட்டமைன் கொடுத்துச் சில மணி நேரம் கழித்தும், டோபமைன் பழைய நிலைக்கு வந்த பிறகும், ராக்லோபிரைடு குறைந்தே இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். போதாததற்கு, ராக்லோபிரைடு ஸ்ட்ரையேட்டத்தில் மட்டும்தான் நன்றாகத் தெரியும். அங்கேதான் இருக்கைகள் நெருக்கம். நாம் யோசனைக்கும் திட்டத்துக்கும் பயன்படுத்தும் முன்மூளைப் புறணியில் இருக்கைகள் அரிது, எண்ண முடியாது.

திருப்பதியைப் பற்றி எழுதும்போது ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. அலிபிரியில் தொடங்கி 3,550 படி ஏறி, வைகுண்டம் வரிசை அறைகளில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, கடைசியில் சன்னதிக்கு எதிரே சில நொடி. அந்த நொடியில் மூளையில் என்ன நடக்கிறது? இந்தக் கருவியால் அதைச் சொல்ல முடியாது. ராக்லோபிரைடு படத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தின் சராசரிதான் கிடைக்கும். கருவி ஒரு மணி நேரம் கேட்கிறது, சன்னதியில் ஜருகண்டி, நகருங்கள் என்கிறார்கள். ஆனால் வரிசையைப் பற்றி மாண்ட்ரியல்காரர்களிடம் ஒரு குறிப்பு கிடைக்கிறது. அவர்கள் பெட் முடிவுகளோடு, நொடிக்கு நொடி ரத்த ஓட்டம் காட்டும் எம்.ஆர்.ஐ. படத்தையும் சேர்த்தார்கள். சிலிர்ப்பு வரப்போகிறது என்று காத்திருந்த விநாடிகளில் டோபமைன் வெளிப்படும் பகுதி ஒன்று, சிலிர்ப்பு வந்த கணத்தில் வேறொன்று. காத்திருப்புக்கும் அடைதலுக்கும் மூளையில் தனித்தனி இடம். வரிசையில் நின்றவர்கள் இதை மறுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நொடிக்குள் அளக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அதற்குத் தலையைத் திறக்க வேண்டும். 2016இல் அமெரிக்காவில், பார்க்கின்சன் நோய்க்காக மூளைக்குள் மின்முனை பொருத்த வந்த 17 நோயாளிகள், அறுவை மேசையில் விழித்தபடி ஒரு பங்குச்சந்தை விளையாட்டை ஆடச் சம்மதித்தார்கள். மெல்லிய கார்பன் இழை வழியே நொடியின் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில் டோபமைன் பதிவானது. கண்ணாடி போல் தெளிவான அளவு. ஆனால் ஒரு புள்ளியில் மட்டும், அறுவைக்கு எப்படியும் வரவேண்டியவரிடம் மட்டும்.

இனி கடிகாரம். கார்பன்-11இன் அரை ஆயுள் 20.4 நிமிடம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். அதை உருவாக்கச் சைக்ளோட்ரான் வேண்டும். உருவாக்கியதும் வேதியியலர் அதை ராக்லோபிரைடில் ஏற்றி, சுத்திகரித்து, சோதித்து, ஊசிக்குள் எடுத்துவர வேண்டும். அதற்குள்ளேயே கொஞ்சம் போய்விடும். சென்னையிலிருந்து திருப்பதிக்குச் சாலை வழி குறைந்தது மூன்று மணி நேரம். சென்னையில் ஏற்றிய கார்பன்-11இல் திருப்பதிக்கு வந்து சேர்வது நானூற்றைம்பதில் ஒரு பங்கு. சித்தூரிலிருந்து திருப்பதி வரும் இரண்டு மணி நேரத்திலேயே அறுபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே ராக்லோபிரைடு ஆய்வு என்பது, சைக்ளோட்ரானும் ஸ்கேனரும் ஒரே வளாகத்தில் உள்ள இடங்களில் மட்டுமே நடக்கும். இந்தியாவின் முதல் மருத்துவச் சைக்ளோட்ரான் மும்பை பரேலில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியக்க மருத்துவ மையத்தில் 2002இல்தான் இயங்கத் தொடங்கியது. ஹாமர்ஸ்மித்தின் எட்டுப் பேர் டாங்கி ஓட்டி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதன் விளைவை யாரும் கவனிப்பதில்லை. மேலே நான் எண்ணிக்கையோடு சொன்ன ஆய்வுகளைத் திரும்பப் பாருங்கள். லண்டன், கோபன்ஹேகன், மாண்ட்ரியல், வான்கூவர், அமெரிக்காவின் கிழக்குக் கரை. எட்டுப் பேர், ஆறு பேர். மனித மூளையில் டோபமைன் இப்படி வெளிப்படுகிறது என்று பாடப்புத்தகம் எழுதுவது, பெரும்பாலும் சைக்ளோட்ரானுக்குப் பக்கத்து ஸ்கேனரில் வந்து படுக்க முடிந்தவர்களின் மூளையிலிருந்து. இருபது நிமிட அரை ஆயுள் ஒரு பௌதிக உண்மை. அது யார் மூளையை அளப்பது என்பதையும் தீர்மானித்துவிட்டது.

நோயாளிக்கு இதனால் பயனே இல்லை என்றும் சொல்லக்கூடாது. துண்டு எண்ணும் முறை மருந்தின் அளவைத் திருத்தியிருக்கிறது. மனநோய் மருந்தும் அதே இருக்கையில்தான் போய் உட்காருகிறது. இந்தியாவில் மருத்துவம் படித்து டொரான்டோவில் ஆய்ந்த ஷிதிஜ் கபூரும் குழுவினரும் 2000இல், முதல்முறை நோய் கண்ட 22 பேருக்கு ஹாலோபெரிடாலைச் சிறு அளவில் கொடுத்து எண்ணினார்கள். 65 சதவீத இருக்கைகள் நிரம்பினால் நோய் தணியத் தொடங்கியது. 78 சதவீதத்தைத் தாண்டினால் கைகால் விறைப்பும் நடுக்கமும். இடைவெளி அவ்வளவு சிறிது. ஒரு காலத்தில் கொடுத்துவந்த பெரிய அளவுகள் தேவையற்றவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சித்தூர் மருந்துக்கடையில் சீட்டைக் காட்டி வாங்கும் மாத்திரையின் மில்லிகிராமுக்குப் பின்னால் டொரான்டோ எண்ணிக்கையும் இருக்கிறது.

பார்க்கின்சனுக்கு நம் மருத்துவமனைகளில் செய்வது பெரும்பாலும் வேறு சோதனை. டெக்னீசியம்-99எம் ஏற்றிய ட்ரோடாட், இல்லையென்றால் ஃப்ளோரின் ஏற்றிய டோபா. டெக்னீசியத்தின் அரை ஆயுள் ஆறு மணி நேரம், சைக்ளோட்ரான் வேண்டாம், சாதாரண காமாக் கேமரா போதும். ட்ரோடாட் காட்டுவது டோபமைனைத் திரும்ப உறிஞ்சும் வாசல்களை. டோபமைன் நரம்புகள் எத்தனை பிழைத்திருக்கின்றன என்று அதிலிருந்து தெரியும். நடுக்கம் பார்க்கின்சனால் வந்ததா, வேறு காரணமா என்று பிரிக்க உதவும். எவ்வளவு டோபமைன் வெளிப்படுகிறது என்பதை அது சொல்லாது. மருத்துவர் அப்படிச் சொன்னதாக வீட்டில் புரிந்துகொண்டால், தவறு மருத்துவருடையதாக இருக்காது. டோபமைன் ஸ்கேன் என்று அதற்கு வழங்கும் பெயரில் இருக்கிறது. ரத்தத்தையோ சிறுநீரையோ பார்த்து மூளையின் டோபமைன் அளவைச் சொல்கிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.

திருப்பதியில் வெளிப்பாட்டையே அளக்க வாய்ப்பு உண்டா? உண்டு என்பது என் தீர்ப்பு, ஆனால் கார்பனை நம்பக்கூடாது. ஜோகேஷ் முகர்ஜி 1990களில் அமெரிக்காவில் உருவாக்கிய ஃபாலிப்ரைடு என்ற பொருள் ஃப்ளோரின்-18ஐச் சுமக்கிறது. ஸ்ட்ரையேட்டத்துக்கு வெளியே இருக்கைகள் அரிதான இடங்களிலும் அது ஒட்டும். உணர்ச்சிகளைக் கையாளும்போது அமிக்டலா என்கிற மூளைப் பகுதியில் டோபமைன் வெளிப்படுவதைப் பட்கையன் குழு இதைக் கொண்டுதான் பார்த்தது. படமெடுக்க நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் ஃப்ளோரின் காத்திருக்கும். அதைத் தயாரித்துத் தர ஒரு மருந்து வேதியியல் கூடம் முன்வர வேண்டும், ஒழுங்குமுறை அனுமதி வேண்டும், ஸ்விம்ஸ் மருத்துவர்களும் ஏர்ப்பேடு பக்கத்து ஐ.ஐ.டி., ஐசர் கணிதவியலர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஃப்ளோரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம். சென்னையில் காலை ஏற்றிவிட்டால், மூன்று மணி நேரம் கழித்துத் திருப்பதியில் இறக்கும்போது மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும்.